சாமி மூலையில் தொடங்கிய மொசெக்

சென்ற மாதம் என் மகன் குளியலறைக்குத் தானே டைல்ஸ் போடப் போவதாகச் சொன்னான். கைத்தொலைபேசியில் யாரோ ஒருவர் செய்து காட்டுவதைப் பார்த்திருக்கிறான். அந்த மனிதர் சட்டை கசங்காமல், பின்னால் பாட்டு ஓட, காப்பி ஆறுவதற்குள் ஓர் அறையை முடித்துவிடுகிறார். "ஈஸி லா மா" என்றான். பொதுவாகவே நான் பேசுகிற ஆள் இல்லை. சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்களுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. ஆனால் அவன் டேப்பை நீட்டிச் சுவரை அளக்க ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டான். அதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு ஒன்றில், மூன்றாவது மாடியில் இருந்தோம். நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன், எட்டு வயது. டைல்ஸ் என்ற சொல்லை அந்த வயதில் நான் கேட்டதே இல்லை. எங்களுக்கு எல்லாமே மொசெக்தான். சதுரமாக, பளபளப்பாக, தரையில் ஒட்டியிருந்தால் அது மொசெக். "அவங்க வீட்டுல மொசெக் போட்டிருக்காங்க" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை. அவர்கள் வசதியானவர்கள்.

எங்கள் வீட்டில் வெறும் சிமெண்டுத் தரை. ஹாலில் அது பொரிந்து பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. சமையலறையிலோ தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. முந்தின வருடம் அம்மா அங்கேதான் வழுக்கி விழுந்தார். அப்போது வயிற்றில் பிள்ளை இருந்தது. எனக்கு அதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. "அம்மாவுக்கு வயித்து வலி" என்றார்கள். நானும் வயிற்று வலி என்றே நம்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்த நாளில் எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அந்தப் பழம் புளித்தது. எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அம்மாவுக்கு மறுபடியும் பிள்ளை உண்டானது. ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அம்மா அங்கே படுத்த மறுநாளிலிருந்து அப்பா வீட்டில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டினார். பேச்சு மிகக் குறைவு. அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'இந்தா' என்பார். சில நாள் அதுவும் இல்லை, ஒரு கனைப்புதான். அந்தக் கனைப்புக்கே அம்மா திரும்பிப் பார்ப்பார். அந்த வார இறுதியில், ஜுருவிலிருந்து வந்திருந்த மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், அப்பா சொன்னார்:

"அவ இந்தத் தரைல இன்னொருக்கா கால வைக்கக் கூடாது, மாப்ள. வர்றதுக்குள்ள மொசெக் போட்டுரணும்."

மாமா உடனே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் எதற்கும் அப்படித்தான். "போலே லா மச்சான், முடியாதா என்ன, நாமளே போட்டுருவோம். நான் கண்டிராக் வேல பாத்தவன்தானே" என்றார். ஜுருவில் கார் பட்டறைக்குப் போவதற்கு முன், பள்ளி விடுமுறையில் ஒரு சீன கண்டிராக்டரிடம் மாமா வேலை பார்த்தது உண்மைதான். அந்த வேலை மணல் வாளி தூக்குவதும் தேத்தண்ணி வாங்கி வருவதும்தான் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடையில் விற்றுத் தீராமல் கிடந்த மொசெக்கை மாமா கேட்டு வாங்கி, நண்பனின் வேனில் போட்டு, ஃபெரியில் ஏற்றிக் கடல் தாண்டி எங்கள் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரே நிறமாக இல்லை. வெள்ளையில் நீலப் பூ போட்டது கொஞ்சம், வெளிர் பச்சை கொஞ்சம், மிச்சமெல்லாம் மாட்டுத்தோல் நிறம். எனக்கு நீலப் பூ போட்டதைப் பார்த்ததும் மூச்சே நின்றுவிட்டது. அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி என் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினேன். காலையில் கழுத்து வலித்தது.

முதலில் சமையலறையும் குளியலறையும். வேலை என்னவோ பார்க்க எளிதாகத்தான் இருந்தது. சிமெண்டையும் மணலையும் குழைத்துப் பரப்ப வேண்டும், மொசெக்கை அதன்மேல் வைத்துத் தட்ட வேண்டும், இடைவெளி ஒரே அளவாக இருக்க நடுவில் தீக்குச்சி செருக வேண்டும். அப்பா முதல் நாள் குழைத்த சிமெண்டு சாம்பார் போல ஓடியது. மொசெக் அதில் மிதந்தது. மறுவாரம் கெட்டியாகக் குழைத்தார். காய்ந்ததும் பாதி மொசெக் தட்டு மாதிரி கையோடு வந்துவிட்டது. வெட்ட வேண்டிய இடம் வந்தால் இன்னும் மோசம். கோடு கீறி, மேசை விளிம்பில் வைத்து, அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒடிப்பார். கோட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் உடையும்.

மட்டம் பார்க்க எங்களிடம் கருவி இல்லை. மாமா ஒரு சோடா பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கித் தரையில் படுக்க வைத்து, தானும் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். "டாப்பு மச்சான்!" என்பார். அவர் எழுந்ததும் பாட்டில் தானாக உருண்டு குளியலறைக்குள் போய்விடும்.

நீளமான பஸ்ஸைக் குறுகலான சந்துக்குள் பின்பக்கமாகவே ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறவர் அப்பா. இரண்டு பக்கமும் வீட்டுக்காரர்கள் காயப்போட்ட துணிகூட உரசாது. அந்த அப்பாவால் மூன்று மொசெக்கை ஒரே கோட்டில் வைக்க முடியவில்லை.

"என்னா மச்சான், இதையும் பின்னாடி கண்ணாடியப் பாத்துத்தான் ஓட்றீங்களா?" என்று மாமா கேட்டார்.

"தேத்தண்ணி வாங்கப் போனவன்லாம் பேசாத."

"அந்தத் தேத்தண்ணிகூட நேரா கொண்டாந்தேன் லா."

இப்படித்தான் சமையலறை முடிந்தது. கோணலாக இருந்தாலும் வழுக்கவில்லை. அப்பா தரையெல்லாம் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதன்மேல் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். என்னையும் நடக்கச் சொன்னார். பிறகு ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெண்கள் நடப்பது போல நடந்து பார்த்தார். மாமா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டார். நான் சத்தமாகவே சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மாலைகளில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். சிறுபிள்ளைகளை மேலே விடமாட்டார்கள். அப்பா மட்டும் மேலே போவார். நான் மாமாவோடு கீழே புல்தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். வரிசையாகச் சன்னல்கள். ஏதோ ஒன்றில் ஒரு கை துண்டை ஆட்டும். நானும் ஆட்டுவேன். அது வேறு யாருடைய அம்மாவாகவும் இருந்திருக்கலாம். மொசெக் விஷயத்தை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஒரு நாள் அடக்க முடியாமல், "மொசெக்!" என்று கீழேயிருந்து கத்திவிட்டேன். நல்லவேளை, துண்டு அதே மாதிரிதான் ஆடியது.

ஹாலை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடித்துவிடுவதென்று தீர்மானம். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. விடியற்காலையிலேயே சாமான்களைப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். எந்த மூலையில் தொடங்குவது என்று பேச்சு வந்தது.

எங்கள் வீட்டு வாசலில் நுழைந்ததும் வலது பக்கம் சாமி அலமாரி. அதைத் தாண்டி ஹால். ஹாலின் ஒரு பக்கம் படுக்கையறைக் கதவு. ஹாலின் கடைசியில் சமையலறை.

"அந்தக் கடைசியில ஆரம்பிச்சு வாசலப் பாத்து வருவமா?" என்று அப்பா கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிக்கு முதுகக் காட்டிட்டு, சோத்துப்பான வைக்கிற எடத்துலேருந்து ஆரம்பிக்கிறதா? நல்ல காரியம் மச்சான். அக்கா நல்லபடியா வரணுமா வேணாமா?"

அப்பா ஒத்துக்கொண்டார். அந்த வருடம் அவர் எந்தச் சகுனத்தோடும் விளையாடத் தயாராக இல்லை. நல்ல நேரம் பார்த்து, சூடம் ஏற்றி, முதல் மொசெக்கின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி அலமாரிக்கு நேர் கீழே பதித்தார்கள். நீலப் பூ போட்டது. மூன்று பேரும் விழுந்து கும்பிட்டோம்.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. கொஞ்சநாளில் கைப்பழக்கமும் வந்திருந்தது. மண்டிபோட்டுப் பதித்துக்கொண்டே இருவரும் பின்பக்கமாக உள்ளே உள்ளே நகர்ந்தார்கள். வாசல் கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்தோம். இரும்புக் கம்பிக்கதவு மட்டும்தான் சாத்தியிருந்தது. காலை பத்து மணிக்கு அப்பா எதற்கோ மரக்கதவை எட்டி இழுத்துப் பார்த்தார். கதவு நகரவில்லை. புது மொசெக் தரையை உயர்த்திவிட்டது. கதவின் அடிப்பக்கம் அதில் முட்டி நின்றது.

"அடிக்கட்டைய சீவிட்டாப் போச்சு" என்றார் மாமா.

கதவு மூட முடியாமல் போனதால் மாடி முழுவதற்கும் நாங்கள் வேடிக்கை ஆனோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா மீன் கழுவிய கையோடு வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணே, கோடு பட்டர்வொர்த்துக்குப் போவுது லா."

"அக்கரைக்குத்தானே, ஃபெரி இல்லாம எங்கயும் போவாது. நீங்க போயி மீனப் பாருங்க அக்கா, பூன தூக்கிறப் போவுது" என்றார் மாமா.

பூனை மீனைத் தூக்கவில்லை. அது எங்கள் வீட்டுக்கே வந்தது. கம்பி இடுக்கில் நுழைந்து, ஈரம் காயாத மொசெக்கின் மேல் மெல்ல நடந்து, நடு ஹாலில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வேதனையை நான் அதுவரை பார்த்ததில்லை. விரட்டினால் ஓடி மொசெக்கைக் குலைத்துவிடுமோ என்று பயந்து, "ம்மா, தங்கம், போயிரும்மா" என்று பூனையிடம் கெஞ்சினார். எங்கள் யாரிடமும் பேசாத குரல். பூனை போனபிறகு தரையில் கன்னம் படப் படுத்து, அது நடந்த மொசெக் ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

மாலை வெயில் சாயும்போது கடைசி மொசெக்கும் விழுந்தது, சமையலறையின் விளிம்பில். நாங்கள் மூவரும் சமையலறைக்குள் நின்று பார்த்தோம். நீலம், பச்சை, பழுப்பு என்று ஒரு கோலம் மாதிரி வந்திருந்தது. கோடு பட்டர்வொர்த்துக்குத்தான் போனது. ஆனாலும் அழகு. அம்மா இதன்மேல் நடந்து வருவதை நினைத்து நான் கை தட்டினேன்.

மாமா முதுகை நிமிர்த்திச் சொடக்கு எடுத்தார். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும் ஒரு ஈ, எறும்பு கால வைக்கக்கூடாது. வச்சா அவ்வளவுதான், ஆடிரும். கண்டிராக்டரு சொல்வான்."

நான் கேட்டேன்: "மாமா, நாம எப்படி வெளிய போறது?"

வாசல் ஹாலுக்கு அந்தப் பக்கம். படுக்கையறையும் அந்தப் பக்கம். அப்பா மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா சாமி அலமாரியைப் பார்த்தார்.

"நல்ல காரியம் மாப்ள" என்றார் அப்பா.

சற்று நேரத்தில் கம்பிக்கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்காதான். செய்தி மாடி ஏறிப் போயிருக்க வேண்டும். மேல்வீட்டில் இருந்த மலாய்க்கார அம்மாவை நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுவோம். கீழே கடையில் சாமான் வாங்க அவர் கயிற்றில் கூடை இறக்குவது வழக்கம். அந்தக் கூடை இப்போது எங்கள் சமையலறைச் சன்னலுக்கு நேராக வந்து நின்று ஆடியது. உள்ளே வாழை இலையில் சுற்றிய சோறும், ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் பையில் தேத்தண்ணியும் இருந்தன. சன்னல் கம்பி இடுக்கில் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தோம். சோறு ஒரு பொட்டலம் நடுவில் பிதுங்கி வந்தது. மேலே பார்த்து மாமா, "தெரிமா காசி, மாக்சிக்!" என்று மலாயில் நன்றி சொல்லிக் கத்தினார். அப்பா கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். அந்தக் குணம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கீழேயிருந்து சத்தம் கேட்டது. எங்கள் மாடியில் யார் வீட்டிலும் தொலைபேசி கிடையாது. கீழே மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், தொலைபேசி எண்ணைத்தான் எல்லோரும் கொடுத்து வைப்போம். அந்தப் பருத்த மனிதர் கடையை விட்டு வெளியே வந்து, பின்பக்கச் சந்தில் நின்று, எங்கள் சன்னலைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"டிரைவர்! ஓய், டிரைவர்! ஹொஸ்பிட்டல் தெலிபோன்! பினி மாவ் பெரானாக்! டாக்டர் மாவ் சைன்! செப்பாட்! செப்பாட்!"

பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, டாக்டர் கையெழுத்துக் கேட்கிறார், சீக்கிரம் வா என்று அர்த்தம்.

மாமா துள்ளி எழுந்தார். "இருங்க மச்சான், இருங்க. பலகையப் போட்டு அதுமேல போவலாம்" என்று சொல்லி, பாத்திரம் அடுக்கும் பலகையைச் சுவரிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார். பாத்திரங்கள் உருண்டன. அவர் பலகையோடு திரும்பியபோது அப்பா அங்கே இல்லை.

நான் பார்த்தேன். அப்பா சமையலறை விளிம்பில் நிற்கக்கூட இல்லை. சோற்றுக் கையோடு, வெறுங்காலோடு, நேராக நடு ஹாலில் இறங்கி ஓடினார். ஒவ்வொரு காலும் விழும்போது 'சளக்' என்று ஒரு சத்தம். மொசெக் ஒரு பக்கம் அமுங்கியது, மறுபக்கம் தூக்கியது, இடுக்கில் சிமெண்டு பிதுங்கியது. நீலப் பூ, பச்சை, மறுபடி நீலப் பூ. அவர் எதன்மேல் மிதிக்கிறோம் என்று பார்க்கவே இல்லை. கம்பிக்கதவு அடித்துத் திறந்தது. படிக்கட்டில் காலடி கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நான் ஓவென்று அழுதேன். "அப்பாவே கெடுத்துட்டாரு! பூனகூட கெடுக்கல! அப்பாவே கெடுத்துட்டாரு!"

மாமா பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். "செல்லக்குட்டி, அழுவாத. கெட்டது கெட்டதோட போவட்டும்" என்று சொல்லி, அப்பா மிதித்த மொசெக்கின் மேலேயே கால் வைத்து, எட்டி எட்டி நடந்தார். மற்றது ஒன்றும் குலையவில்லை. குலைந்தவை மட்டும் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கின. மாமாவின் கழுத்து நனைந்திருந்தது. அழுதது நான் மட்டும் இல்லை. அவரும் மொசெக்குக்காகத்தான் அழுகிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது.

என்னை மாக்சிக்கிடம் விட்டுவிட்டு மாமாவும் ஓடினார். மாக்சிக் என் முகத்தைத் துடைத்துவிட்டு, தொழுகைப் பாயை விரித்து உட்கார்ந்தார். வெகுநேரம் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எங்கள் மொசெக் சரியாக வேண்டும் என்றுதான் கேட்கிறார் என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, நீலப் பூ ஒவ்வொன்றுக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை மாமா பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பா ஓடிப்போய் நின்றபோது கைநிறைய காய்ந்த சிமெண்டாம், அதன்மேல் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்ததாம். பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. தாதி கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாளாம். "நீ பேனாவக் குடும்மா மொதல்ல" என்று அப்பா தமிழிலேயே அதட்டியிருக்கிறார். அந்த மலாய்க்காரப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, கொடுத்துவிட்டாள். அம்மாவை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, படுத்தபடியே அம்மா அப்பாவின் காலைப் பார்த்திருக்கிறார். முழங்கால் வரை சிமெண்டு.

"கால்ல என்னா?"

"ஒன்னுமில்ல. நீ போய்ட்டு வா."

தம்பி அன்று இரவே பிறந்தான். குறைமாதம்தான், ஆனாலும் கை காலை உதைத்துக்கொண்டு அழுதானாம். அம்மாவும் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம். அந்தத் தம்பிதான் இப்போது அதே வீட்டில், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான்.

கூடையை இறக்கியவர், கடையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து தொண்டை கிழியக் கத்தியவர், நாங்கள் வரும்வரை மூட முடியாத எங்கள் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்த எதிர்வீட்டு அக்கா, யாருக்கும் நாங்கள் நேரில் போய் முறையாக நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்ததோடு சரி. எங்கள் வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லத் தெரியாது. இதை எழுதும்போதுதான் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிகிறது.

மறுநாள் வந்து பார்த்தபோது எல்லாம் கல்லாக இறுகியிருந்தது. அப்பாவின் அடிகள் சமையலறையிலிருந்து வாசல்வரை, இடது வலதாக, சாய்ந்த மொசெக்குகளாக நின்றன. அம்மா விழக்கூடாது என்று போட்ட தரை, இப்போது முன்னைவிட அதிகமாகத் தடுக்கியது. அப்பா அதன் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு விளிம்பையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அம்மா வருவதற்குள் அவற்றை உடைத்து எடுத்துவிட்டு வேறு போட வேண்டும் என்றார். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் பக்கத்தில் இருந்த நல்ல மொசெக் விரிசல் விட்டது. மாமா உளியைப் பிடுங்கிக்கொண்டார். சரியான ஆளைக் கூப்பிட்டுச் செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதே அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா வந்த அன்று, அப்பா முன்னால் படியேறி வந்து, அவசர அவசரமாகப் பாயை எடுத்து ஹாலின் நடுவில் விரித்தார். கீழே இருப்பது தெரியக்கூடாது என்பதற்காக. பாய் அங்கங்கே பள்ளமும் மேடுமாகக் கிடந்தது. அம்மா வாசலில் நின்றார். கையில் தம்பி. மெலிந்து, வெளுத்துப் போயிருந்தார். சுவரோரம் தெரிந்த நீலப் பூவைப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் சமையலறைவரை பார்த்தார்.

"யாரு போட்டது?"

"அப்பாவும் மாமாவும்!" என்றேன்.

"ஏன் பாய் விரிச்சிருக்கு?"

அப்பா கனைத்தார். மாமா கூரையைப் பார்த்தார். நான்தான் ஓடிப்போய் பாயைப் பிடித்து இழுத்தேன். வாழ்க்கையில் நான் வாய் திறந்து நிறையப் பேசிய நாட்களில் அது ஒன்று. சாமி மூலையில் ஆரம்பித்தது, நாங்கள் மாட்டிக்கொண்டது, பூனை வந்தது, தவுக்கே கத்தியது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அப்பாதான்மா மிதிச்சாரு. காயவே இல்ல, மிதிச்சுட்டு ஓடினாரு. பாரு, இங்க, இங்க, அங்க!"

"ஆள் வச்சு எடுத்துரலாம்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. "தடுக்கும். பாத்து, ஓரமா வா."

"எடுக்க வேணாம்" என்றார் அம்மா. "அப்படியே இருக்கட்டும்."

உடைத்தால் வீடெல்லாம் தூசி பறக்கும், தம்பிக்கு ஆகாது, அதனால்தான் அம்மா வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன்.

அம்மா தம்பியை மாமாவிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். ஓரமாக வரவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த மொசெக்கில் வலது காலை வைத்தார். அடுத்ததில் இடது காலை வைத்தார். அப்பாவின் எட்டு நீளமானது. அம்மாவால் அவ்வளவு எட்ட முடியவில்லை. தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த சாய்ந்த மொசெக்கைத் தேடிக் கால் வைத்தார். ஒன்றைக்கூட விடவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் மாடிக்குக் கீழே கட்டம் போட்டு விளையாடுகிற தெங்தெங் ஆட்டத்தைத்தான் அம்மா ஆடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் ஆட்டம் சரியாக வரவில்லை. "அம்மா, நொண்டி அடிக்கணும்! ரெண்டு காலும் வச்சா அவுட்டு!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன்.

அப்பா அதற்குள் சமையலறைக்குள் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, பானைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அங்கே போய்ச் சேரும்வரை அவர் திரும்பவில்லை. ஒரு மனிதர் அவ்வளவு நேரம் எப்படித் தண்ணீர் குடிக்க முடியும் என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே சந்தேகம்.